மேற்குச் சுவரோரத்து அறை

என் மச்சாளின் சுட்டுவிரல் நுனியில் எப்போதும் மஞ்சள் ஏறியிருக்கும். அந்த விரல், ஒரு சனிக்கிழமை பின்னேரம், டென்மார்க்கின் ஓல்போர்க்கில் எங்கள் குசினி மேசையில் நான் விரித்து வைத்திருந்த வீட்டு வரைபடத்தில் ஒரு சின்னப் பெட்டியின்மேல் வந்து நின்றது. "இதுக்குள்ளை ஆர் படுக்கிறது?" என்று கேட்டார். நான் கோப்பியைக் குடித்துக்கொண்டே, "ஆரோ ஒரு வேலைக்காரப் பிள்ளை" என்றேன். அந்தப் பதிலை இப்போது நினைத்தாலும் என் வாயிலேயே ஒன்று போடவேண்டும் போலிருக்கும்.

மச்சாள் என் அண்ணனின் மனைவி. ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. சனிக்கிழமைகளில் வேலை முடிந்து பஸ் எடுத்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். நான் கட்டடம் வரையும் அலுவலகம் ஒன்றில் இருக்கிறேன். படிப்பு முழுவதும் டென்மார்க்கில்தான். இங்கே வீடு கீறுகிறவர்களுக்கு வெயில் என்றால் தெய்வம். தெற்கே பெரிய கண்ணாடி வைத்து, வருகிற துளி வெயிலையும் உள்ளே வாரி எடுப்போம். அப்படிப்பட்ட எங்களிடம், வளைகுடாப் பாலைவனத்து ஓரமாக, குளிரூட்டிக்கு அதிகம் மின்சாரம் தின்னாத வீடுகளைக் கீறித் தரும்படி ஒரு வேலை வந்தது. பொறுப்பு என் தலையில். எனக்கோ தலைகால் தெரியாத சந்தோசப் புளுகம். மாதக் கணக்காக வாசித்தேன். தடித்த மண்கல் சுவர், நடுவில் முற்றம், தெருப் பக்கம் சின்னச் சின்ன யன்னல்கள், கூரைக்கு மேலே நிழலுக்கு இன்னொரு கூரை. மேற்கு வெயில்தான் பொல்லாதது என்று எல்லாப் புத்தகமும் சொன்னது. ஆகவே மனிதர் அதிகம் புழங்காத அறைகளை மேற்கே அடுக்கி, அவற்றையே வெயிலுக்கு மறைப்பாக வைத்தேன். களஞ்சிய அறை, படிக்கட்டு, உடுப்புத் தோய்க்கிற அறை. வீடு கட்டுவிக்கிறவர்கள் தந்த பட்டியலில் பணிப்பெண்ணுக்கு ஓர் அறை என்றும் இருந்தது. அதையும் அந்த வரிசையிலேயே தள்ளிவிட்டேன்.

அலுவலகத்தில் ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. அவர்களையும் குறை சொல்ல முடியாது. இந்த நாட்டில் வீட்டு வேலைக்காரருக்கு அறை கீறி எவரும் பழகவில்லை. எங்கள் தலைவியே தன் கோப்பையைத் தானே கழுவி வைக்கிறவர். அந்த அறையில் ஓர் ஆள் உயிரோடு இருக்கப்போகிறது என்ற நினைப்பே எங்கள் ஒருவருக்கும் வரவில்லை. மின்சாரக் கணக்கில் அதைக் களஞ்சியத்தோடு சேர்த்தேன். குளிரூட்டல் வேண்டாத இடம் என்று பதிந்தேன். கணக்கு அழகாக இறங்கியது. தலைவி பாராட்டினார். திங்கட்கிழமை கடைசியாகப் பார்த்துவிட்டு அனுப்புவதாக இருந்தது.

மச்சாள் விரலை எடுக்கவில்லை. "நான் இப்பிடி ஒரு அறையிலைதான் ஆறு வருசம் படுத்தனான்" என்றார்.

கல்யாணத்துக்கு முன்பு அவர் குவைத்தில் வீட்டு வேலை செய்தவர் என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதை எவரும் கதைப்பதில்லை. அல்பர்ட்ஸ்லுண்ட் ஊரில் இருக்கிற சொந்தக்காரர் கேட்டால், "அவ கொழும்பிலை ஒரு ஒபிசிலை இருந்தவ" என்று அம்மா மூடிவிடுவார். மச்சாளும் அதைத் திருத்தியதில்லை. இத்தனை வருடம் எங்கள் மரியாதையைக் காப்பாற்றுவதற்காக வாயை மூடிக்கொண்டிருந்த மனுசி, என் வரைபடத்துக்காக அன்றைக்கு வாயைத் திறந்தார்.

"பின்னேரம் முழுக்க அந்தச் சுவர் வெயிலைக் குடிக்கும். வீட்டுக்காரர் படுக்கேக்கை அவையளின்ரை பக்கம் குளிர்ந்திடும். நான் வேலை முடிஞ்சு படுக்கேக்கைதான் என்ரை சுவர் சுடத் தொடங்கும். சீலையை நனைச்சுப் போட்டுக்கொண்டு படுப்பன்." பிறகு சிரித்தார். "பச்சைத் தண்ணி பைப்பைத் திறந்தால் கொதி தண்ணி வரும் பாரும். தொட்டி மொட்டை மாடியிலையெல்லே. ஹீட்டரை நிப்பாட்டிப்போட்டு, சுடுதண்ணி பைப்பிலை வாறதைத்தான் குளிக்கிறதுக்கு எடுப்பம். அது உள்ளுக்குக் கிடந்த தண்ணி, கொஞ்சம் ஆறியிருக்கும்."

தடித்த சுவர் எத்தனை மணித்தியாலம் தாமதித்து வெப்பத்தை உள்ளே விடும் என்று எனக்குப் பாடமாகத் தெரியும். அந்த மணித்தியாலம் வந்து சேரும்போது அந்தப் பக்கத்தில் படுத்திருப்பது யார் என்றுதான் தெரியாமல் போயிற்று. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள்.

ஞாயிறு முழுவதும் திருப்பிக் கீறினேன். அறையை வடக்கே, முற்றத்தைப் பார்க்கிற மாதிரிக் கொண்டுவந்தேன். தண்ணீர்த் தொட்டியைப் படிக்கட்டின் கீழே நிழலுக்கு இறக்கினேன். விருந்தினர் மண்டபம் சிறுத்தது, மின்சாரக் கணக்கு ஏறியது. தலைவி காரணம் கேட்காமல் விடமாட்டார். மச்சாளுக்குப் போன் எடுத்து, "எங்கையோ வாசிச்சனான் எண்டு சொல்லிவிடவோ?" என்று கேட்டேன். எனக்குப் பயம் அவருடைய மானத்தைப் பற்றியா, எங்கள் வீட்டு மானத்தைப் பற்றியா என்று இன்றுவரை நிச்சயமில்லை.

"ஏன் பொய் சொல்லுறீர்? நான் களவெடுக்கப் போகேல்லையே. என்ரை மச்சாள் செய்த வேலை எண்டு சொல்லும்" என்றார்.

திங்கட்கிழமை அப்படியே சொன்னேன். "மண்டபத்தைச் சுருக்கினால் வேலையே கைவிட்டுப் போகலாம், தெரியும்தானே?" என்று தலைவி கேட்டார். தெரியும் என்றேன். அவர் இரண்டு வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். கடைசியில் பழையதை மடித்து அப்பால் வைத்தார். "இதையே நாளைக் காலை அனுப்பு. உன் மச்சாளுக்கு என் நன்றியைச் சொல்" என்றார்.

வேலை கைவிட்டுப் போகவில்லை. அந்த வீடுகளில் இன்று ஆட்கள் குடியிருக்கிறார்கள். வரைபடத்தின் மூலையில் என் பெயர் மட்டுமே இருக்கிறது. மச்சாள் இல்லாவிட்டால் ஒரு பெண்ணை ஒவ்வொரு கோடையும் அவித்தெடுக்கிற அறையைக் கீறிவிட்டு அதற்குப் பாராட்டும் வாங்கியிருப்பேன். அவருக்கு நான் எந்தப் பிறவியில் நன்றி சொல்லித் தீர்ப்பது என்று தெரியவில்லை.

அந்தத் திங்கட்கிழமை பின்னேரமே பூங்கொத்து ஒன்றை வாங்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். நடந்ததை மூச்சு விடாமல் சொன்னேன். மச்சாள் பூக்களை வாங்கித் தண்ணீரில் வைத்தார். எல்லாம் கேட்ட பிறகு, எனக்கு முதுகு காட்டியபடியே, "அந்த அறைக் கதவுக்கு உள்ளாலை பூட்டு வைச்சனீரோ?" என்று கேட்டார்.

நான் வைக்கவில்லை. ஏன் என்று அவரைக் கேட்கவும் தேவையிருக்கவில்லை. போட்டிருந்த கோட்டைக்கூடக் கழற்றாமல் அங்கேயே இருந்து மடிக்கணினியைத் திறந்தேன். மச்சாள் ஒரு கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டு, நான் அந்தப் பூட்டைக் கீறி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.