கண் தெரியாத எட்டு வாக்காளர்கள்

சட்டமன்றத் தேர்தலில் முதன்முதலாக என்னை வாக்குச்சாவடித் தலைமை அலுவலராகப் போட்டபோது, நான் பயந்ததெல்லாம் இயந்திரத்தை நினைத்துத்தான். பயிற்சி வகுப்புகளில் முன்வரிசையில் உட்கார்ந்து, எந்த ஒயரை எதில் சொருக வேண்டும் என்று படம் வரைந்து வைத்துக்கொண்டேன். அன்றைக்கு இயந்திரம் ஒரு தொந்தரவும் தரவில்லை. தந்ததெல்லாம் ஜன்னலும் முட்டையும்.

நான் சேலம் அம்மாபேட்டைக்காரி. நாமக்கல் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். எனக்கு விழுந்த சாவடி நாமக்கல் தாண்டி, கோழிப்பண்ணைகளுக்கு நடுவே இருந்த ஓர் ஒன்றியத் தொடக்கப் பள்ளி. காற்று வீசினால் கோழித் தீவன வாசனை வரும், காற்று நின்றால் வேறு வாசனை. ஒரே வகுப்பறை, நான்கு ஜன்னல்கள். என்னோடு மூன்று அலுவலர்கள், வாசலில் ஒரு காவலர், சுவரோரம் கட்சி ஏஜெண்டுகள்.

ஏஜெண்டுகளில் ஒருவர் முட்டை வியாபாரி. அந்த வட்டாரப் பண்ணைகளில் முட்டை வாங்கி லாரி ஏற்றுகிறவர். வெள்ளைச் சட்டை, வாசிப்புக் கண்ணாடி, மடியில் தேர்தல் கையேட்டின் நகல். எனக்குக் கொடுத்திருந்த அதே கையேடு. என்னுடையதைவிட அவருடையதில் அடிக்கோடுகள் அதிகம்.

வாக்குப்பதிவு ஆரம்பித்து அரை மணி நேரம் இருக்கும். அவர் எழுந்து நின்றார்.

"ஏனுங்க டீச்சரம்மா, சாவடிக்குள்ள வேட்பாளர் சின்னம் எதுவும் இருக்கக் கூடாதுங்களே. இங்க நாலு இருக்குதுங்க."

எனக்குப் புரியவில்லை. சின்னங்கள் ஒட்டிய பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து காட்டினார். கடைசிக்கு முந்தின சுயேச்சைக்கு ஜன்னல் சின்னம். இரண்டு கதவும் திறந்த ஜன்னல். எங்கள் அறையின் நான்கு ஜன்னல்களும் அதே மாதிரி இரண்டு கதவும் திறந்தபடி இருந்தன.

ஜன்னல் ஜன்னல்தானே, கட்டடத்தின் பகுதிதானே என்று சொல்லிப் பார்த்தேன். எழுத்தில் ஆட்சேபணை கொடுப்பதாகச் சொன்னார். கொடுத்தும் விட்டார். எழுத்தில் வந்த எதற்கும் எழுத்தில் பதில் வேண்டும் என்று பயிற்சியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். மண்டல அலுவலருக்குப் போன் போட்டேன். அவர் எத்தனை ஜன்னல் என்று கேட்டார். பிறகு மேலே கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். இருபது நிமிடம் கழித்து, எதற்கும் மறைத்துவிடுங்கள் என்று பதில் வந்தது.

கதவுகளைச் சாத்தினோம். மூடிய ஜன்னலும் ஜன்னல்தானே என்றார் வியாபாரி. செய்தித்தாள் ஒட்டலாம் என்று எடுத்தால் பக்கத்துக்குப் பக்கம் தலைவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் பள்ளி அலமாரியிலிருந்து பழைய அரையாண்டு வினாத்தாள்களை எடுத்து, அலுவலகம் கொடுத்தனுப்பிய பசையால் நான்கு ஜன்னலையும் மூடினோம். வரிசையில் நின்றவர்கள் பொழுது போகாமல் நான்காம் வகுப்புக் கணக்கைப் போட ஆரம்பித்தார்கள். ஒருவர் என்னிடமே விடை கேட்டார். பங்குனி தாண்டிய வெயில். அறை இட்லிக் குண்டான் மாதிரி ஆனது.

பத்து மணி வாக்கில் அந்தச் சுயேச்சை வேட்பாளரே சாவடியைப் பார்க்க வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று எழுந்து நின்றேன். அவர் நான்கு பக்கமும் பார்த்தார். விவரத்தைக் கேட்டார். முகம் மலர்ந்துவிட்டது. தன் சின்னத்தைக் கண்டு ஒரு பெரிய கட்சி பயந்தது இதுதான் முதல் தடவை என்று சொல்லி, வியாபாரிக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் போனார்.

இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டே சொல்ல முடிகிறது. அடுத்து வந்ததை அப்போது அப்படிப் பார்க்க முடியவில்லை.

பள்ளி வாசலில் ஒரு மினி வேன் வந்து நின்றது. ஊரிலேயே பெரிய கோழிப்பண்ணையின் முதலாளி முன்னால் இறங்கினார். அடுத்து அவர் பண்ணையில் வேலை செய்கிற எட்டுப் பேர். அதற்குப் பின்னால் ஒரு காரில் அவருடைய மச்சான், பங்காளிகள், மேனேஜர் என்று ஏழு பேர். முதலாளி நேராக என் மேசைக்கு வந்து, எட்டுப் பேருக்கும் கண் தெரியாது, துணைக்கு ஆள் வந்து பட்டனை அமுக்கிவிடும் என்றார்.

கண் தெரியாத வாக்காளர் தனக்கு வேண்டிய ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போகலாம். ஒருவர் ஒருவருக்கு மட்டும்தான் துணை போகலாம். அதைச் சொன்னேன்.

"அது தெரியாமயாங்க வருவோம்? எட்டுப் பேருக்கு எட்டுத் துணை. எல்லாம் சட்டப்படிதானுங்க."

ஏற்கெனவே நிரப்பிய எட்டு உறுதிமொழித் தாள்களை மேசையில் வைத்தார். ஒரு பிழை இல்லை. என் வகுப்பில் இவ்வளவு ஒழுங்காக யாரும் எழுதித் தந்ததில்லை.

எட்டுப் பேரும் உள்ளே வந்தார்கள். வாசலில் மேசை விசிறிக்காக ஒரு ஒயர் குறுக்கே போயிருந்தது. ஒருவர் பின் ஒருவராக அதைப் பார்த்துக் காலைத் தூக்கி வைத்துத் தாண்டினார்கள். துணைக்கு வந்த மச்சான்தான் தடுக்கி விழப் பார்த்தார்.

வியாபாரி ஆட்சேபணை என்றார். முதலாளி அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். அந்த அறையில் கிடந்த பெஞ்சுகளெல்லாம் அவர் வாங்கிக் கொடுத்தவை, வருகிற டீச்சர்களெல்லாம் தன்னிடம் நல்ல பெயர் எடுத்தவர்கள் என்று மெதுவாகச் சொன்னார். வாசல் காவலர் வெளியே வேப்பமரத்தைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வாக்காளருக்குக் கண் தெரியவில்லை என்பதில் தலைமை அலுவலருக்குத் திருப்தி ஏற்பட வேண்டும் என்று கையேட்டில் இருந்தது. எப்படித் திருப்திப்படுவது என்று அதில் இல்லை.

முதலில் நின்றது ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா. அவருக்கு முதலாளியே துணை. நான் மூன்று விரலைக் காட்டி, தெரிகிறதா என்று கேட்டேன்.

"இல்லீங். மூணு வெரலும் மங்கலாத்தான் தெரியுதுங்க."

பின்னால் வரிசையில் யாரோ சிரித்தார்கள். முதலாளி, மங்கல் என்று சொல்கிறாளே, அப்புறமென்ன என்றார். அந்த அம்மா தரையைப் பார்த்தபடி நின்றார். பயந்துபோயிருக்கிறார் என்று தெரிந்தது. நானும் பயந்துதான் இருந்தேன். அடுத்து என்ன கேட்பது என்று தெரியாமல், பேச்சை நீட்டுவதற்காக, பண்ணையில் என்ன வேலை என்று கேட்டேன்.

"முட்டை பாக்கறதுங்க."

பார்க்கிறதென்றால் என்ன என்றேன்.

"பல்பு மேல வெச்சுப் பாக்கோணுமுங்க. மசுரு மாதிரி கீறல் இருக்கும். அதைப் பொறுக்கித் தனியா வெச்சிரோணும்."

வியாபாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எழுந்து வந்தார். இந்த முறை கையில் கையேடு இல்லை.

"ஏனுங், எனக்கு ஏத்துற லோடெல்லாம் இந்தம்மா பாத்துத்தான் வருதுங்களா?"

வியாபாரியின் குரல் தழுதழுத்தது. அவ்வளவு முட்டையையும் தான் நம்பி வாங்கியதாகவும், கண் தெரியாதவர் பார்த்த முட்டையை இனி எந்த ஊருக்கு அனுப்புவது என்றும் கேட்டார். தேர்தல் அவருக்கு மறந்தே போய்விட்டது. முதலாளி அந்த அம்மாவைப் பார்த்தார், வியாபாரியைப் பார்த்தார், தாள்களைப் பார்த்தார். ஒரு மனிதன் ஓட்டுக்கும் முட்டைக்கும் நடுவில் நின்று யோசிப்பதை அன்றைக்குத்தான் அவ்வளவு பக்கத்தில் பார்த்தேன்.

"இவளுக்கு நல்லாத் தெரியுமுங்க," என்றார் கடைசியில். "ஒரு கீறல் தப்பாது."

"அப்படின்னா தனியாவே போய் ஓட்டுப் போடட்டுங்க," என்றேன். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. முதல் தாளின் குறுக்கே கோடு போட்டேன்.

அதற்கப்புறம் மளமளவென்று நடந்தது. ஒவ்வொருவரிடமும் என்ன வேலை என்று கேட்டேன். அடுத்தவர் குஞ்சுகளுக்குக் கண்ணில் சொட்டு மருந்து விடுகிறவர். மூன்றாவது ஆள், மற்றவர்களை ஏற்றி வந்த மினி வேனின் டிரைவர். அவர் வேலையைச் சொல்லும்போதே சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். வாசலுக்கு வெளியே போய் நின்ற முதலாளி ஒவ்வொருவருக்கும் தெரியும் என்று தலையாட்ட, ஏழு பேருக்கு வரிசையாகப் பார்வை வந்தது.

இதற்குள் அந்த அம்மா மை வைத்துக்கொண்டு மறைப்புக்குள் போயிருந்தார். ஓட்டு விழுந்ததும் இயந்திரம் போடுகிற சத்தம் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து, என் மேசைக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"ஒவ்வொரு பட்டனுக்கும் ஒவ்வொரு மாதிரி சத்தம் வருமுங்களா, டீச்சரம்மா?"

முதலாளி வாசலுக்கு வெளியே காதைத் தீட்டிக்கொண்டு நிற்பதாக அவர் நினைத்திருக்க வேண்டும். நிஜமாகவே நின்றார்.

"எல்லாத்துக்கும் ஒரே சத்தந்தாம்மா. எதை அமுத்துனீங்கன்னு எனக்கே தெரியாது."

திரும்பவும் உள்ளே போனார். நீளமாக ஒரு சத்தம் வந்தது.

எட்டாவது ஆள் ஒரு பெரியவர். அவருக்கு உண்மையாகவே கண் தெரியாது. இவ்வளவு கலாட்டாவிலும் அவர் மட்டும் ஒயரைக் காலால் தடவித்தான் தாண்டி வந்திருந்தார், நான் கவனிக்கவில்லை. துணையாக முதலாளியின் மச்சான் அவர் தோளைப் பிடித்தபடி நின்றார். யார் கூட வர வேண்டும் என்று பெரியவரையே கேட்டேன். இதற்கு முன்னால் அவரிடம் யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை போலிருக்கிறது. கொஞ்சம் யோசித்தார்.

"அந்த முட்டை பாக்கற புள்ள போயிருச்சுங்களா? அதைக் கூப்புடுங்க."

வெளியே நின்றிருந்த அந்த அம்மாவை வரச் சொன்னோம். புதுத் தாளில் தன் பெயரை எழுத்துக் கூட்டி எழுதிக் கையெழுத்துப் போட்டார். துணைக்குப் போகிறவருக்கு வலது விரலில் மை. இரண்டு கையிலும் மையோடு பெரியவரை நடத்திக் கூட்டிப்போனார். பெரியவர் அவர் காதில் ஏதோ சொன்னார். அந்த அம்மா தலையாட்டினார்.

மாலை வரை வேறு பெரிய சிக்கல் இல்லை. நான்கு மணிக்கு மண்டல அலுவலர் மறுபடி கூப்பிட்டு, ஜன்னலை மறைக்கத் தேவையில்லையாம், திறந்துவிடுங்கள் என்றார். பசை காய்ந்துபோயிருந்தது. கணக்குகள் பாதி, சுவர்ச் சுண்ணாம்போடு உரிந்து வந்தன.

மூன்று வாரம் கழித்து எனக்கு ஒரு குறிப்பாணை வந்தது. பார்வைக் குறைபாடுள்ள ஏழு வாக்காளர்களின் பார்வையை, மருத்துவத் தகுதி ஏதுமின்றி, நான் எந்த அதிகாரத்தின்படி பரிசோதித்தேன் என்று மூன்று நாளுக்குள் விளக்கம் தர வேண்டும். புகார் கொடுத்தவர் பெயரைப் போடவில்லை.

அன்று இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஒன்றரைப் பக்கம் பதில் எழுதினேன். நான் யாருடைய பார்வையையும் பரிசோதிக்கவில்லை, என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று மட்டுமே கேட்டேன், ஏழு பேருக்கும் கண் தெரியும் என்று உறுதி கூறியவர் அவர்களுடைய முதலாளி, சாட்சிக்கு ஏஜெண்டுகள் இருக்கிறார்கள். என் கணவர் படித்துப் பார்த்துவிட்டு, நன்றாகத்தான் இருக்கிறது, "கண் திறந்தது" என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடு, அதிகாரிகள் தப்பாக எடுத்துக்கொள்வார்கள் என்றார். எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை. அடுத்து வந்த உள்ளாட்சித் தேர்தலுக்கு எனக்கு மறுபடியும் பணி ஆணை வந்தது. வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிடலாம், உடம்பு சரியில்லை என்று சொன்னால் போதும் என்றார்கள் சக ஆசிரியர்கள். நான் போனேன்.