பின்வாசல் பாதையில் பதினேழு கல்

எங்கள் வீடு ராஜபாளையத்தில், மேற்கே மலையைப் பார்த்துப் போகிற சாலையில் இருந்தது. பின்வாசலில் இறங்கினால் கிணறு. அதைத் தாண்டி இரண்டு மாமரம், ஒரு முருங்கை. தோட்டத்தின் கடைசி மூலையில் கக்கூஸ். எண்பதுகளின் கடைசியில் எங்கள் தெரு வீடுகளில் அது எவ்வளவு தள்ளி இருக்க முடியுமோ அவ்வளவு தள்ளித்தான் இருந்தது. ஐப்பசி மழை பிடித்துவிட்டால் அந்தத் தூரத்தைக் கடப்பது பெரும்பாடு. கரிசல் மண். செருப்பு சேற்றிலேயே நின்றுவிடும், கால் மட்டும் முன்னால் போகும்.

கல்யாணமாகி நான் அந்த வீட்டுக்கு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலை. காலையில் பஸ் பிடித்தால் பொழுது சாயத்தான் திரும்புவேன். கணவருக்கு மில் நூலுக்கு ஆர்டர் பிடிக்கிற வேலை. ஈரோடு, சேலம் என்று சுற்றிவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டில் இருப்பார். பகல் முழுக்க மாமனாரும் மாமியாரும்தான். மாமனார் மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னிடம் நேராகப் பேச மாட்டார். அந்த வீட்டு வழக்கம் அப்படி. சுவரைப் பார்த்து, “காப்பி இருந்தா குடிக்கலாம்” என்பார். நான் கொண்டுபோய் வைப்பேன்.

அந்த வருடம் அரைப்பரீட்சை விடுமுறையில் நானே ஒரு பாதை போட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். அடுப்படி மேடைக்குக் கடப்பாக்கல் அறுக்கிற கடையில் உடைந்த துண்டுகளை ஓரமாகக் குவித்து வைத்திருந்தார்கள். அதை அள்ளி மூன்று சக்கர வண்டியில் கொண்டுவந்து போடச் சொன்னேன். நல்ல துண்டாகப் பொறுக்கியதில் பதினேழு தேறியது. ஞாயிற்றுக்கிழமை கணவர் ஒரு சட்டியில் சுண்ணாம்புப் பொடியை வைத்துக்கொண்டு நின்றார். நான் பின்வாசலிலிருந்து கக்கூஸ் வரை சாதாரணமாக நடந்தேன். கால் விழுந்த இடத்திலெல்லாம் அவர் பொடியைத் தூவினார். ஓர் எட்டுக்கு ஒரு கல். கணக்காகப் பதினேழு எட்டு வந்ததில் எனக்கு ஒரே சந்தோஷம்.

மறுநாளிலிருந்து நானே குழி தோண்டினேன். நாலு விரல் ஆழம் வெட்டி, ஆற்று மணலைக் கொட்டி, தண்ணீர் தெளித்து மிதித்து, அதன்மேல் கல்லைப் பதித்தேன். வழவழப்பான பக்கம் அடியில், சொரசொரப்பு மேலே. மழையில் வழுக்கக் கூடாதே. மாமனார் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டாம் நாள் உள்ளேயிருந்து தன் ரசமட்டத்தை எடுத்துவந்து கிணற்றுச் சுவரில் வைத்துவிட்டுப் போனார். நானும் அதை எடுத்து ஒவ்வொரு கல்லாக மட்டம் பார்த்தேன். நாலு நாளில் வேலை முடிந்தது. கையெல்லாம் கொப்புளம்.

“நல்லாருக்கா அத்தை?” என்று மாமியாரிடம் கேட்டேன்.

“ஒனக்கென்ன தாயி, அருமையா இருக்கு” என்றார்.

பள்ளிக்கூடம் திறந்து, தையும் பிறந்தபின் ஒருநாள் மாலை, தண்ணீர் வாளியோடு போனபோது என் கால் கல்லில் விழாமல் மண்ணில் விழுந்தது. நின்று பார்த்தேன். மூன்றாவது கல் இரண்டாவதற்குப் பக்கத்தில் இருந்தது. நான்தான் சரியாக நடக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வாரம் நாலும் ஐந்தும் ஒட்டிக்கொண்டு கிடந்தன. கடப்பாரையால் நெம்பிப் பழைய இடத்தில் வைத்தேன். இரண்டு நாளில் மறுபடியும் ஒட்டிக்கொண்டன.

எனக்குக் குழப்பமாகிவிட்டது. எண்ணினால் பதினேழும் இருக்கிறது. ஆனால் இந்தப் பக்கம் நெருங்க நெருங்க அந்தப் பக்கம் கல் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. என் பாதை வீட்டைப் பார்த்துச் சுருங்கி வந்தது. பிறகு அந்தப் பக்கத்து வெறும் மண்ணில் உடைந்த ஓடு, செங்கல், பழைய அம்மியின் பாதி என்று என்னென்னவோ முளைத்தன. போதாததற்குப் பின்வாசல் தூணிலிருந்து முருங்கைக்கும், அங்கிருந்து கக்கூஸ் கதவுக்கும் இடுப்பு உயரத்தில் ஒரு கயிறு. துணி காயப்போடவா என்றால் அதில் ஒரு துண்டுகூடத் தொங்கவில்லை. நல்ல கொடிக்கயிறு மாமரத்தடியில் இருக்கும்போது இது எதற்கு?

பக்கத்து வீட்டு அம்மா வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். மதில் மேலாகக் கேட்டேன்.

“உங்க மாமாதான் மத்தியானம் குத்தவச்சு உக்காந்து கல்லைப் பேத்துட்டு இருக்காரு. நீ சொல்லித்தான் செய்யுறாருன்னுல்ல நெனச்சேன்?”

“நான் சொல்லலியே. எதுக்குன்னு தெரியுமா?”

“ஏமோ, எனக்கென்ன தெரியும்? உங்க வீட்டு விசயம்” என்று கையை விரித்தார்.

மாமியாரிடம் கேட்டேன். அவர் கனகாம்பரம் கட்டிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமல் சொன்னார்.

“மில்லுல கெடந்த ஆளு. கை சும்மா இருக்குமா? எதையாச்சும் நோண்டத்தான் செய்வாக. நீ அதைப் பெருசா எடுத்துக்காத.”

எப்படி எடுத்துக்கொள்ளாமல் இருப்பது? நான் செய்ததை ஒருவர் நாள்தோறும் கலைக்கிறார். வேறு யாராவது என்றால் சண்டை போட்டிருப்பேன். ரசமட்டம் கொடுத்தவரும் அவர்தான், கல்லைப் பேர்ப்பவரும் அவர்தான் என்றால் நான் என்ன நினைப்பது? மூளை பிசகிவிட்டதோ என்றுகூடத் தோன்றியது. ஆனால் ரேடியோச் செய்தியில் ஒரு சொல் விடாமல் கேட்டுத் திருப்பிச் சொல்கிற மனிதர்.

ஞாயிற்றுக்கிழமை கணவரைக் கேட்கச் சொன்னேன். நான் அடுப்படியில் நின்று காதைத் தீட்டிக்கொண்டேன்.

“அப்பா, அந்தக் கல்லை எதுக்கு மாத்திக்கிட்டே இருக்கிய?”

மாமனார், “ஒம் பொண்டாட்டிக்குக் காலு நீளம்லே. எல்லாருக்கும் அம்புட்டு நீளமாவா இருக்கு?” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நான் உயரம். பெண் பார்க்க வந்தபோதே அந்தப் பேச்சு வந்தது. ஆம்பளை மாதிரி எட்டு வைக்கிறாள் என்று அவர்கள் சொந்தத்தில் யாரோ சொன்னது என் காதுக்கும் எட்டியிருந்தது. ஓகோ, இத்தனை நாள் மனதில் இதைத்தான் வைத்திருந்தாரா என்று அடுப்படிக்கு வந்த கணவரிடம் கேட்டேன்.

“அவிய சொன்னதை நீ தப்பா எடுத்துக்கிட்ட. அப்பா அப்பிடிப் பேசுத ஆளு இல்ல” என்றார் கணவர்.

“பின்ன என்ன அர்த்தம்?”

“எனக்கும் வெளங்கலட்டி.”

அன்று மத்தியானம் மாமனாரும் கணவரும் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தார்கள். மாமியார் படுத்திருந்தார். நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். பதினேழு கல்லையும் பேர்த்து என் எட்டுக்கே வைத்தேன். ஓடு, செங்கல், அரை அம்மி எல்லாவற்றையும் மாமரத்தடியில் எறிந்தேன். கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினேன். அவர்கள் வீடு திரும்புவதற்குள் இருட்டிவிட்டது. யாரும் பார்க்கவில்லை. மறுநாள் காலை மாமனார் எழுந்திருக்கும் முன்பே நான் பஸ் ஏறியிருந்தேன்.

பதினோரு மணி வாக்கில் தலைமையாசிரியர் அறைக்குப் போன் வந்தது. பக்கத்து வீட்டு அம்மா, கடையிலிருந்து பேசினார். “உங்க அத்தை தோட்டத்துல விழுந்துட்டாங்கம்மா. கை வீங்கிப்போச்சு. ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. நீ கிளம்பி வா.”

அந்த பஸ் ராஜபாளையத்துக்கு வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்தில் என் மனம் ஒரு இடத்தில் நிற்கவில்லை. கல்லால்தான் விழுந்தாரா, இல்லை சும்மா தலைசுற்றலா? முதலில் போட்டபோது எல்லாரும் அந்தக் கல்லில் நடந்தார்களே. நானும்தான் நடந்தேன். ஒரு கல் ஆடியதா? மட்டம் பார்க்காமல் அவசரத்தில் வைத்தது உண்மைதான்.

ஆசுபத்திரி பெஞ்சில் மாமியார் இடது கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாமனார் பக்கத்தில் நின்றார். நான் முன்னால் போய் நின்றேன். மாமியார் என்னைப் பார்க்கவே இல்லை. கோபமாக இருக்கிறார் என்று நினைத்தேன்.

“அத்தை” என்றேன்.

“வந்துட்டியா தாயி” என்று முகத்தைத் திருப்பினார். ஆனால் அவர் பார்த்தது எனக்குப் பக்கத்தில் இருந்த தூணை.

டாக்டர் எக்ஸ்ரே ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, மணிக்கட்டில் ஒரு கீறல்தான், மாவுக்கட்டு போதும் என்றார். மருந்துச் சீட்டை மாமியாரிடம் நீட்டினார். மாமியார் வலது கையை நீட்டினார். சீட்டு ஒரு பக்கம், கை ஒரு பக்கம். டாக்டர் அவரை உற்றுப் பார்த்துவிட்டு விரலைக் காட்டினார்.

“அம்மா, இது எத்தனை?”

மாமியார் மாமனார் நின்ற பக்கம் திரும்பினார். டாக்டர் டார்ச்சை எடுத்து இரண்டு கண்ணிலும் அடித்துப் பார்த்தார்.

“ரெண்டுலயும் புரை முத்திப்போயிருக்கு. எவ்வளவு நாளா இப்பிடி?”

“ஒரு வருசம் இருக்கும்” என்றார் மாமனார், தரையைப் பார்த்து.

ஒரு வருடம்! நான் ஒரே வீட்டில் இருக்கிறேன். அவர் கையால் சாப்பிடுகிறேன். அரிசியில் கல் பொறுக்கச் சொன்னால், “நீயே பாத்துக்கோ, எனக்கு இடுப்பு வலி” என்று முறத்தைத் தள்ளியதை நான் சோம்பல் என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். பூவைப் பார்த்தா கட்டினார்? விரல்தான் கட்டியது. நான் பாதை போட்டுவிட்டு நல்லாருக்கா என்று கேட்டது ஒன்றும் தெரியாத கண்களிடம். அவர் அந்தப் பாதையைப் பாதத்தால் தடவித் தடவிப் போயிருக்கிறார். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருந்த குழிவில் கால் இடறியிருக்கிறது. அதனால்தான் மாமனார் ஒவ்வொன்றாக நெருக்கிவைத்தார். கயிறும் அதற்குத்தான். அன்று காலையும் பழக்கத்தில் கயிற்றுக்குக் கை நீட்டியிருக்கிறார். கயிறு இல்லை.

“நேத்து நான்தான் எல்லாத்தையும் மாத்தினேன்” என்று ஆசுபத்திரி வராந்தாவில் மாமனாரிடமே நேராகச் சொன்னேன். அழுகை வந்துவிட்டது.

அவர் என்னைப் பார்த்தார். “தெரியும்” என்றார்.

ஏன் மறைத்தார்கள் என்பதுதான் இன்றுவரை எனக்குச் சரியாக விளங்காதது. மாமனார் கணவரிடம் சொன்ன காரணம், ஆபரேஷன் பயம். மாமியாரின் அக்காவுக்கு ஏதோ ஒரு முகாமில் கண் அறுத்து, இருந்த பார்வையும் போயிற்றாம். யாரிடமும் சொல்லக் கூடாது என்று மாமியார் சத்தியம் வாங்கியிருந்தாராம். மாமியார் என்னிடம் சொன்ன காரணம் வேறு. “எனக்குக் கண்ணு தெரியலன்னா நீ வேலைய விட்டுட்டு வீட்டுல உக்காரணும். பொறவு என்னையத்தான் வையுவ” என்றார் சிரித்துக்கொண்டே. எது உண்மை? இரண்டுமா? அல்லது கண் தெரியாத மாமியாரை இந்த மருமகள் எப்படி நடத்துவாளோ என்ற பயமா? அதை மட்டும் இருவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மாவுக்கட்டு பிரித்தபின் மதுரைக்குக் கூட்டிப்போனோம். ஒரு கண், சில மாதம் கழித்து மறு கண். கனமான கண்ணாடி போட்டார்கள். கண்ணாடியோடு வீட்டுக்கு வந்த நாளில் மாமியார் அறை அறையாகப் போய்ப் பார்த்தார். ஒட்டடை அடிக்கவில்லை என்றார். என்னைப் பார்த்து, “மெலிஞ்சுபோயிட்டியே ஏட்டி” என்றார். பின்வாசலுக்கு வந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். விழுந்த அன்று மாலையே மாமனாரும் நானும் சேர்ந்து மறுபடி நெருக்கிவைத்த கல், ஓடு, செங்கல் எல்லாம் வெயிலில் கிடந்தன.

“என்னங்க இது, இப்பிடிக் கோணக்கமாணக்கன்னு கெடக்கு? யாரு போட்டது?”

மாமனார் கட்டிலில் இருந்தபடி, “ஒம் மருமக” என்றார்.

கணவர் சிரித்த சிரிப்பில் காப்பி மூக்கில் ஏறிவிட்டது.

அடுத்து வந்த கோடை விடுமுறையில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, நூல் பிடித்து, ஓரங்களில் செங்கல் நட்டு, நடுவில் ஜல்லியும் சிமெண்டும் போட்டு ஒரே பட்டையாகப் பாதை போட்டோம். மாமனார் கலவை பார்த்தார். மாமியார் கண்ணாடியைத் தூக்கித் தூக்கி விட்டுக்கொண்டு, அங்கே பள்ளம், இங்கே மேடு என்று எங்களைப் படுத்தியெடுத்தார்.

இனிமேலாவது இந்த வீட்டில் நடப்பது எனக்குத் தெரியும் என்று கொஞ்சநாள் நம்பினேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என்று ஞாபகம். மாமனார் திடீரென்று எல்லாவற்றையும் சத்தம் போட்டுப் பேச ஆரம்பித்தார். காப்பி வேண்டும் என்றால்கூடத் தெரு முழுக்கக் கேட்கும். நான் எது சொன்னாலும் மாமியார் தலையாட்டிச் சிரித்தார்.

அதற்குள் மாமனாரும் நானும் நேராகப் பேசிக்கொள்ளப் பழகியிருந்தோம். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“மாமா, எதுக்கு இம்புட்டுச் சத்தமாப் பேசுதிய?”

“எனக்குத் தொண்டை அப்பிடி” என்றார், கத்தி.

மாமியார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “ஆமா தாயி, சோறு ஆக்கியாச்சு” என்றார்.