சைபீரியாவிலிருந்து ஓர் அழைப்பு

கனடாவின் மாண்ட்ரியல் நகரில், பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஒரு தோசைக்கடையில் உட்கார்ந்திருக்கிறேன். ரஷ்ய மாகாணங்கள் தங்கள் மக்களின் படிப்புக்கும் பயிற்சிக்கும் செலவிடுவது பற்றி நாளை இங்கே பல்கலைக்கழகத்தில் பேசச் சென்னையிலிருந்து வந்திருக்கிறேன். கடைக்காரரிடம் இதைச் சொன்னதும், எதிரே சாப்பிடும் யாழ்ப்பாணத்துப் பெண் நிமிர்ந்து பார்க்கிறார்.

அவர் பெயர் சுமதி. சைபீரியாவில் ஒரு மாகாணத்தின் உதவித்தொகையில் மருத்துவம் படித்து, அங்கேயே பிரசவம் பார்த்தவர். இப்போது இங்கே குழந்தைகள் காப்பகத்தில் வேலை. சைபீரியாவில் முன்பு வேலை பார்த்த ஆஸ்பத்திரி, வீடு தருவதாகச் சொல்லித் திரும்பக் கூப்பிடுகிறதாம்.

“அங்க இப்ப டொக்டர்மார் இல்லை, அண்ணை. இஞ்ச என்ர மகள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில இப்பதான் சேர்ந்து பழகுறாள். நான் போகட்டோ?”

மாகாணங்கள் தங்கள் செலவில் படித்தவர்களைத் திரும்ப அழைக்க வேண்டும் என்பதுதான் என் பேச்சின் சாரம். ஆனாலும் போகச் சொல்ல வாய் வரவில்லை. ரஷ்யா நடத்தும் போரை நினைக்கிறேன். டாக்டர் இல்லாத பிரசவ அறையையும் நினைக்கிறேன்.

“எனக்குத் தெரியலைங்க,” என்கிறேன்.

“அப்ப நாளைக்கு அங்க என்ன கதைக்கப் போறியள்?”

அவர் கேலி செய்யவில்லை. கையைக் கழுவாமல், என் பதிலுக்காகக் காத்திருக்கிறார்.