நடுத் துளையில் அப்பாவின் பேனா

தேநீர் கொதிக்கும்போது முன்னறையில் கண்ணாடி நொறுங்கும் சத்தம் கேட்டது. அடுப்பை அணைக்கக்கூடத் தோன்றாமல் ஓடினாள் ஊசிக்கார அக்கா.

பரிசோதனைக் கூடத்துக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பவள் என்பதால் தெரு வைத்த பெயர் அது. கல்யாணம், குழந்தை எதுவும் அமையாத வாழ்க்கையில் அவளுக்கு வாய்த்த சொத்து மைப்பேனாக்கள்தான். சோதனைக் குழாய்களை நிறுத்தும் பழைய மரத்தாங்கி ஒன்றை மெருகேற்றி, துளைக்கொரு பேனாவாக மேசைமேல் நிறுத்தி, கண்ணாடிப் பெட்டியால் மூடியிருந்தாள். எல்லாம் நிப்பு மேலே பார்த்தபடி. தலைகீழாக வைத்தால் மை கசிந்துவிடும். நடுத் துளையில் இறந்துபோன அப்பாவின் கறுப்புப் பேனா. பல வருஷம் கழித்துத் தம்பி வருகிறானே, பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று மை நிரப்பி, மூடியையும் கழற்றி வைத்திருந்தாள். அந்த ஆசைதான் வினையாகிவிட்டது.

உடைந்த கண்ணாடிக்கு நடுவே நின்று, அந்தப் பேனாவால் மேசையை வெறியோடு குத்திக்கொண்டிருந்தான் தம்பி.

"என்னடா பண்றே?"

"சாமி மாதிரி நடுவுல வச்சிருக்கியே. கற்பூரம் மட்டும்தான் காட்டல."

"அப்பா ஞாபகம்டா."

"எனக்கும் அவர் ஞாபகம் இருக்கு." இடது உள்ளங்கையை விரித்தான். மச்சம் போல ஒரு நீலப் புள்ளி. "கணக்குல தோத்தேன்னு, கையை மேசையில அழுத்திப் பிடிச்சு இதாலதான் குத்தினாரு."

"ஆணி கிழிச்சுதுன்னு சொன்னியே."

"அப்படிச் சொல்லலேன்னா அடுத்தது கண்ணுலன்னாரு."

ஊரார் கைகளில் எல்லாம் நரம்பு தேடியவள், கூடப் பிறந்தவன் கையைப் பார்க்காமல் விட்டிருக்கிறாள். ஆனாலும் நிப்பை நொறுக்க அவன் மறுபடி ஓங்கியபோது, பேனாக்களைப் பொத்திக் காத்த பழக்கதோஷம், அவள் கை குறுக்கே போய்விட்டது. நிப்பு உள்ளங்கையில் ஆழமாக இறங்கியது. ரத்தமும் நீலமுமாக மேசையில் வழிந்தது.

தம்பி தன் முஷ்டியையே பார்த்தான். அச்சு அசல் அப்பாவின் முஷ்டி. அவன் உடம்பு உதறத் தொடங்கியது.

"ஆட்டாதே. நேரா உருவு," என்றாள், நோயாளியிடம் பேசும் அதே குரலில்.

உருவினான். "ரொம்ப வலிக்குதாக்கா?"

"ஊரையே குத்துறவ நான். ஒரு நாள் வாங்கிக்கிட்டா குறைஞ்சா போயிடுவேன்?"

அவன் சிரிக்கப் பார்த்தான். அழுகைதான் வந்தது.

கைக்குத் துணி சுற்றிக்கொண்டு, வேலைப் பையிலிருந்து குத்திய ஊசிகளைப் போடும் டப்பாவை எடுத்து நீட்டினாள். அதன் வாய்க்குள் விழுந்தது திரும்ப வராது. நிறைந்ததும் அப்படியே கொளுத்திவிடுவார்கள்.

"போடு."

"அப்பா பேனாக்கா."

"தெரிஞ்சுதான் சொல்றேன். உன் கையாலேயே போடு."

டப்பாவின் அடியில் டக்கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். சமையலறையிலிருந்து தேநீர் கருகும் வாடை வந்தது.

வாசலில் செருப்பை மாட்டியவன் திரும்பாமலே சொன்னான். "கண்ணாடி நான் வாங்கிட்டு வரேன். அந்த நடுத் துளையில மட்டும் எதையும் வைக்காதே."

"வைக்கமாட்டேன்டா."

அவன் தெருமுனை திரும்பும் வரை நின்றாள். பிறகு, துணி சுற்றிய கையாலேயே கதவைச் சாத்தினாள்.