இடது கோடி வீடு

அப்பாவின் ஞாபகம் தடுமாறத் தொடங்கிவிட்டது என்று எங்கள் குடும்பம் அப்போது நம்பியது. தம்பி நம்பினான், அவன் மனைவி நம்பினாள், நாளடைவில் அப்பாவே நம்பினார். நம்பாதவள் நான் ஒருத்தி. எனக்கு உண்மை தெரியும்.

கிள்ளான் நகரில் ஓர் இடைநிலைப்பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்துகொண்டே, லினோ என்னும் மெத்தென்ற தகட்டில் நிலக்காட்சிகளைச் செதுக்கி அச்சிட்டுவந்தேன். செம்பனைத் தோட்டங்கள், ஆற்றுப்பாலம், மழைக்கு முந்தைய வானம். ஒவ்வோர் ஆண்டும் புது வகுப்புக்கு நான் முதலில் சொல்லித்தருவது ஒன்றைத்தான்: தகட்டில் இருப்பது தாளில் இடவலம் மாறி விழும், ஆகவே வரைந்த தாளைத் திருப்பிப் போட்டே படியெடுக்க வேண்டும்.

தலைநகரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் ஒரு சிறு மண்டபத்தில் என் படங்களைக் காட்சிக்கு வைத்தார்கள். அதற்காக, நாங்கள் முன்பு அங்கே குடியிருந்த ரயில்வே குவார்ட்டர்ஸ் வரிசையை, எங்கள் வீட்டோரத்து மரத்தோடு, ஒரு பழைய புகைப்படத்தைப் பார்த்துச் செதுக்கினேன். தேர்வுத்தாள்கள் குவிந்திருந்த வாரம் அது. தாளைத் திருப்ப மறந்தேன். கதவு எண்களைச் செதுக்கியிருந்தால் அவையாவது என்னைக் காட்டிக்கொடுத்திருக்கும். அழகு கெடுமென்று அவற்றை விட்டுவிட்டேன்.

அப்பா அந்தப் படத்தின் முன் வெகுநேரம் நின்றார். வீடு மாறிய பின்னும், ரயில்வேயிலிருந்து ஓய்வுபெறும்வரை அந்த வரிசை வழியாகவே வேலைக்குப் போய்வந்தவர்.

"என்னம்மா இது, நம்ம வீடு இடது கோடியிலலா இருந்துச்சு? மரத்தையும் சேர்த்து இந்தப் பக்கம் கொண்டாந்து வச்சிருக்க?"

அவர் சொன்ன கணமே எனக்குப் புரிந்துவிட்டது. பக்கத்தில் என் தலைமையாசிரியை நின்றிருந்தார். என் மாணவிகள் சிலரும் நின்றிருந்தார்கள். நான் சிரித்தேன்.

"இல்லப்பா, நீங்க எதிர்ப்பக்கம் நின்னு யோசிக்கிறீங்க. வயசாச்சுல்ல, மறந்துட்டீங்க."

தம்பி சும்மா இருக்கவில்லை. "நேத்து வீடு பூரா கண்ணாடியத் தேடுனாரு. பார்த்தா மூக்கு மேலலா இருக்கு!"

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். "டீச்சரே சொல்லும்போது அப்புறம் நான் யாரு? சரியாத்தான் இருக்கும்."

குவார்ட்டர்ஸை விட்டு வந்தபோது தம்பி கைக்குழந்தை. காட்சி நடந்தபோது அம்மா உயிரோடு இல்லை. மறுத்துச் சொல்ல வேறு ஆள் இல்லை. புகைப்படத்தைப் பள்ளி மேசையின் அடி இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். மறுநாள் சொல்லிவிடலாம் என்றுதான் எண்ணினேன். மறுநாள் நாளிதழில் படத்தை ஒருவர் பாராட்டி எழுதியிருந்தார்.

அதுவரை அப்பா மாதத்துக்கு ஒருமுறை கிள்ளானிலிருந்து தனியாகக் கோமுட்டர் ரயில் ஏறி, பிரிக்பீல்ட்ஸில் பழகிய கடையிலேயே முடி வெட்டிக்கொண்டு வருவார். அதன்பின் ஒவ்வொரு முறையும் எந்த மேடையில் ஏற வேண்டும் என்று கேட்டார். பிறகு ஒருநாள், "நான் தனியா போலாமாம்மா?" என்று என்னிடம் கேட்டார். தெளிவாக, கவனமாக, ஒரு பிள்ளை அனுமதி கேட்பதுபோல. "வேணாம்ப்பா, தம்பி கூட்டிட்டுப் போவான்" என்றேன். அந்தப் பதிலைச் சொன்ன குரல் அன்பாகவே ஒலித்தது. இப்போதும் என்னைக் கூசவைப்பது அந்த அன்புதான்.

அவர் அதன்பின் தனியாக எங்கும் போகவில்லை.

அவர் இறந்தபின் அவருடைய அலமாரியில் நாட்காட்டித் தாள்களைக் கண்டேன். ஒவ்வொன்றின் பின்புறத்திலும் பென்சிலால் அந்த வீட்டு வரிசை. முதல் சில தாள்களில் எங்கள் வீடு இடது கோடியில் இருந்தது. பிறகு அடித்துத் திருத்தியிருந்தார். ஒன்றில் இரு கோடியிலும் மரம் வரைந்திருந்தார். கடைசித் தாளில், என் படத்தில் இருந்தபடியே, வீடு வலது கோடியில் நின்றது. அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை.

பள்ளிக்குப் போய் இழுப்பறையைத் திறந்து புகைப்படத்தை எடுத்துவந்து, அந்தத் தாள்களோடு தம்பியின் முன் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். அவன் தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்தான்.

"அப்பவே சொல்லியிருக்கலாம்லா, அக்கா. நானும்லா சிரிச்சேன்."

அவன் வீட்டுக் கூடத்தில் தொங்கிய அந்த அச்சுப்படத்தை அன்றே இறக்கிவைத்தோம். குவார்ட்டர்ஸ் இருந்த இடத்தில் இன்று உயர்ந்த கட்டடங்கள் நிற்கின்றன. அங்கே குடியிருந்தவர்களில் எஞ்சியிருப்பது தம்பியும் நானும்தான். மரத்தடியில், இடது கோடியில் அந்த வீட்டைக் கண்ட நினைவோடு இருப்பவள் நான் மட்டுமே.