ஹீட்டர் ஒயரும் நண்பனின் காதும்

நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சொல்வதில் வெட்கமில்லை. என்ஜினீயர்கள் திருகிப் பார்த்துக் கைவிட்ட ஆம்ப்ளிஃபயர்கள் எத்தனையோ, விவேக் நகரில் என் மேசைக்கு வந்த பிறகுதான் வாய் திறந்தன. வால்வு வேலையை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. செத்த ரேடியோக்களைப் பிரித்துப் பிரித்து நானே கற்றுக்கொண்டேன்.

அதிலும் ஹீட்டர் ஒயர் என்றால் நான்தான். வால்வு என்கிற கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு சின்ன இழை சூடேறிச் சிவந்தால்தான் அது வேலை செய்யும். அந்த இழைக்குக் கரண்ட் கொண்டுபோகிற இரண்டு ஒயர்களில் கொஞ்சம் அலட்சியம் காட்டினாலும் போச்சு, பாட்டுக்கு அடியில் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டையும் கை டிரில்லில் மாட்டிக் கயிறு போலத் திரித்து, சேசிஸ் என்கிற அடித்தகட்டின் மூலையோடு ஒட்டிப் படுக்கவைப்பேன். அந்த முறுக்கு ஒன்று போதும், மற்றதெல்லாம் புத்தகக்காரர்களின் பயம் என்பது என் கட்சி.

சென்ற வருஷம் என் நண்பனுக்கு ஓர் ஆம்ப்ளிஃபயர் செய்து கொடுத்தேன். ஒரே வரிசை வீடுகளில் வளர்ந்தவர்கள் நாங்கள். அவன் நூல் மில்லில் மிஷின்களுக்கு நடுவிலேயே வேலை பார்த்து, ரிட்டையராகி, மனைவியோடு அத்திபெலேயில் இருக்கிறான். மில் விட்ட நாளிலிருந்து அவன் காதில் ஓர் இரைச்சல். காது கேட்பது இன்னும் குறையலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"காது இருக்கும்போதே பழைய பாட்டையெல்லாம் ஒருதபா நல்லா கேட்டுக்கணும் மச்சான்" என்று கேட்டான். அதற்காகத்தான் செய்தேன்.

கொடுத்த ஒரு வாரத்தில் போன் வந்தது.

"பாட்டு சூப்பரா கீதுடா. ஆனா அடியில இன்னாமோ ம்ம்ம்னு ஓடுது."

"என் கைவேலையில முனகலா? என் வூட்ல ஊசி வுழுந்தாகூட கேக்குற மாதிரி இருந்திச்சு. அது உன் காதுடா. மில்லு இன்னும் உள்ளார ஓடுது!"

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. "அப்டியா... சரி மச்சான்" என்று வைத்துவிட்டான்.

மூன்று வாரம் கழித்து அவன் மனைவி கூப்பிட்டது. "அண்ணா, அவரு பாட்டு போடுறதே இல்ல. அது மேல துணி போட்டு மூடிட்டாரு. டிவியும் வேணாங்குறாரு. காது முழுசா போவப்போதுன்னு உக்காந்துனு இருக்காரு."

"பாவம்மா. அந்த இரைச்சல் ஜாஸ்தியாயிருக்கும்."

 "எனக்கும் அந்த ம்ம்ம் கேக்குதுண்ணா. நீங்க செஞ்சதாச்சே, எப்டி சொல்றதுன்னு கம்முனு இருந்துட்டேன்."

மறுநாள் காலை முதல் வேலையாக அத்திபெலே பஸ் ஏறினேன். அவன் கூடத்தில், மூடிப்போன ஒரு சவுண்ட் சர்வீஸிலிருந்து வாங்கிய ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டி நின்றது. ஆம்ப்ளிஃபயர் மேலிருந்த துணியை எடுத்து சுவிட்சைப் போட்டேன். வால்வுகள் சிவந்தன. அடுத்த நொடி எனக்கே கேட்டது, 'ம்ம்ம்'. நான் வீட்டில் சோதித்தது கையகல ஸ்பீக்கரில். அந்த அடிச் சத்தத்தை எழுப்ப அதற்குத் தெம்பு கிடையாது.

நண்பன் நாற்காலியில் திரும்பாமல் இருந்தான். அவன் கையை இழுத்து ஸ்பீக்கர் காகிதத்தின் மேல் மெதுவாக வைத்தேன்.

"அதிருதா?"

"ஆமா."

"கைக்குமா காது போச்சு? உனக்குக் கேட்டது நெஜம்டா. தப்பு என்னுது."

பிளக்கைப் பிடுங்கி, உள்ளே தேங்கிய கரண்ட் வடிந்த பிறகு ஆம்ப்ளிஃபயரைக் கவிழ்த்தேன். முறுக்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் நான் காலமெல்லாம் கம்பி சுற்றிச் செய்த டிரான்ஸ்பார்மர்களில் ஹீட்டருக்கு மூன்று ஒயர் வரும். நடு ஒயரைச் சேசிஸில் பற்றவைப்பேன். இதற்குக் கடையில் வாங்கிப் போட்ட டிரான்ஸ்பார்மரில் இரண்டுதான். நடு ஒயர் இல்லாவிட்டால், முனகல் வராமல் இருக்க இரண்டு ரெசிஸ்டர் போட்டு அந்த ஒயர்களைச் சேசிஸோடு சேர்க்க வேண்டும். சர்க்யூட் தாளில் படமே போட்டிருந்தது. என் முறுக்குக்கு இதெல்லாம் எதற்கு என்று விட்டிருந்தேன்.

இரண்டையும் பற்றவைத்தேன். பத்து நிமிஷ வேலை.

"மூணு வாரம்டா" என்றான் அவன், நான் ஈயம் வைப்பதைப் பார்த்துக்கொண்டே. "இவ குரலு எப்டி இருக்கும்னு ஞாபகம் வெச்சிக்கலாம்னு, இவ பேசச்சொல்லோ கண்ண மூடி கேட்டுனு இருந்தேன்."

"நான் திட்டுறப்பவே கண்ண மூடுறாரேன்னு நெனச்சேன், இதுக்கா!" என்று அவன் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டது. நான் ஆம்ப்ளிஃபயரை நிமிர்த்தி வைத்தேன். 

மறுபடி சுவிட்ச். வால்வுகள் சிவந்தன. மூன்று பேரும் பெட்டிப் பக்கம் காதைக் கொடுத்தோம்.

"இன்னாடா, இரைச்சல் கீதா?"

அவன் தலையைச் சாய்த்துக் கேட்டான். "என்னுது கீது. உன்னுது நின்னுபோச்சு."

பிறகு ஒரு பாட்டைப் போட்டு, இருந்த ஒரே நல்ல நாற்காலியை மனைவி பக்கம் நகர்த்திவிட்டு, பெட்டிக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தான்.