கிடங்கில் இல்லாத கப்பி

தங்கை டிக்கெட் எடுத்துக் கொடுத்ததால் பிள்ளைகளோடு சிங்கப்பூர் போயிருந்தேன். அங்கே ஓர் அறிவியல் காட்சிக்கூடத்தில் எதை வேண்டுமானாலும் தொட்டுப் பார்க்கலாம். பிள்ளைகள் இருவரும் என்னை ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். கப்பிகளில் கோத்த கயிற்றை எட்டு வயது மகள் இழுத்தாள். நாற்காலியோடு நான் மேலே போனேன். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் ஊர் மட்டாஞ்சேரியில் சுக்குக் கிடங்கின் மாடிக்கு மூட்டை சுமந்தே என் முதுகு போய்விட்டது.

“ஒங்க கிடங்குல இது ஏம்ப்பா இல்ல? மொதலாளிக்குத் தெரியாதா?” என்றாள் மகள்.

அந்தப் பாவிக்கு நன்றாகத் தெரியும். கிடங்கில் தொங்கிய கப்பியைக் கழற்றி, பக்கத்து யூதர் தெருவான ஜூ டவுனில் ஒரு பழம்பொருள் கடைக்கு விற்றவனே அவன்தான். மூட்டையோடு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பார்க்கிறேன். பாலிஷ் போட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கவிட்டிருக்கிறார்கள். தொடக்கூடாது என்று அட்டை வேறு.